விடியலில் செத்த மீன்கள்

2022 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் காலை. எங்கள் கல்லூரிக்குப் பின்புறமுள்ள குளத்தின் கரையில் ஊரே கூடியிருந்தது. குளம் முழுதும் கட்லாவும் ரோகுவும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ, மூன்று கிலோ தேறும். முதல் நாள் மாலை வரை துள்ளிக்கொண்டிருந்த மீன்கள்! இன்னும் பத்து நாளில் வலை இழுப்பதாக இருந்தது. மீன்பாசிக் குத்தகை எடுத்திருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்துவிட்டார்.

"எவனோ மருந்தைக் கலந்துட்டான்" என்றார் கூட்டத்தில் ஒருவர். அவ்வளவுதான். எல்லார் பார்வையும் கரையோரம் கத்தரித் தோட்டம் போட்டிருந்த விவசாயியின் பக்கம் திரும்பியது. இரண்டு நாள்களுக்கு முன் அவர் பூச்சிமருந்து தெளித்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். அவருக்கும் குத்தகைதாரருக்கும் தண்ணீர் இறைப்பதில் பழைய தகராறும் உண்டு. பேச்சு முற்றிச் சட்டையைப் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. போலீசில் எழுதிக் கொடுக்க ஒருவர் காகிதம் தேடினார்.

நான் இயற்பியல் ஆசிரியன். மீனைச் சாப்பாட்டுத் தட்டில் மட்டும் கண்டு பழகியவன். என்னை அங்கே இழுத்துச் சென்றவர் விலங்கியல் துறை நண்பர். அவர் யாரிடமும் பேசாமல் குளத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு என்னிடம், "ஒரு விரால்கூடச் சாகலே, கவனிச்சீங்களா சார்?" என்றார்.

விரால் மீனுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அது செவுள்களால் மட்டுமன்றி, நீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கியும் மூச்சுவிடும். சந்தையில் ஈரத்துணி போர்த்திய கூடையில் அது மணிக்கணக்கில் உயிரோடு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது முதல் துப்பு. கரையோரத்தில் விரல் நீளக் குஞ்சுமீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. செத்தவை எல்லாம் பெரியவை. விஷமாயின் பெரும்பாலும் சிறியவைதாம் முதலில் சாகும். இது இரண்டாவது துப்பு. மூன்றாவதைக் காவல்காரர் சொன்னார்: "நாலு மணிக்குப் பார்த்தேன் சார். அத்தனை மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நின்னுச்சு."

நண்பர் ஒரு மாணவனைக் கல்லூரிக்கு ஓட்டினார். அவன் வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு கண்ணாடிச் சீசாக்களும், மாங்கனீசு சல்ஃபேட் கரைசலும், காரம் கலந்த பொட்டாசியம் அயோடைடு கரைசலும் கொண்டுவந்தான். ஹங்கேரி நாட்டு வேதியியலார் லாயோஷ் விங்க்ளர் 1888 ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இது. நீரில் கரைந்த ஆக்சிஜன் இருந்தால், இக்கரைசல்களைச் சேர்த்தவுடன் தோன்றும் வீழ்படிவு பழுப்பு நிறமாக மாறும். இல்லையேல் வெள்ளையாகவே நிற்கும். ஒரு சீசாவில் நன்றாகக் குலுக்கிய குழாய்த் தண்ணீர். மற்றதில் காற்றுக்குமிழ் புகாமல் முகந்த குளத்து நீர். கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. குழாய் நீர் டீத்தண்ணீர்போல் பழுப்பேறியது. குளத்து நீரில் வீழ்படிவு பால்போல் வெள்ளையாகவே நின்றது.

மீன்கள் மூச்சுத் திணறிச் செத்திருந்தன. நீருக்குள் இருந்த மீன், மூச்சுக்குத் தவித்துச் செத்ததாம்! குத்தகைதாரர் நம்பவில்லை. அவர் கேட்ட கேள்வியும் நியாயமானதே. "குளம் பச்சைப் பசேல்னு இருக்கு. பச்சைன்னா பிராணவாயுதானே கொடுக்கும்? பள்ளிக்கூடத்திலே அப்படித்தானே சொல்றீங்க?"

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால் குளத்தை ஒரு சூழ்நிலை மண்டலமாகப் பார்க்க வேண்டும்.

சூழ்நிலை மண்டலம் என்றால் என்ன?

ஓரிடத்தில் வாழும் உயிர்கள் யாவும், அவற்றைச் சூழ்ந்த நீர், மண், காற்று, ஒளி, வெப்பம் ஆகிய உயிரற்றவையும் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டு இயங்கும் ஓர் அமைப்பே சூழ்நிலை மண்டலம். இக்கருத்துக்குப் பெயர் சூட்டியவர் ஆங்கிலேயத் தாவரவியலார் ஆர்தர் டான்ஸ்லி, ஆண்டு 1935. நிலத்தில் காடு, புல்வெளி, பாலைவனம். நீரில் குளம், ஆறு, கழிமுகம், கடல். மனிதன் அமைத்தவற்றில் நெல்வயல், நகரம் என்று பாடநூல்களில் இவற்றை வகைப்படுத்தியிருப்பார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று தொகுத்த நமக்கு இவ்வகைப்பாடு புதிதன்று. ஆனால் இதைக்கொண்டு சூழ்நிலையியலையே நாம்தான் கண்டுபிடித்தோம் என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வகைப்படுத்துவது வேறு, கணக்குப் போடுவது வேறு. டான்ஸ்லிக்குப் பின் வந்தவர்கள் செய்தது கணக்கு.

எந்த வகையாயினும் உள்ளே நடப்பது ஒன்றே. பச்சையம் உள்ளவை சூரிய ஒளியைக்கொண்டு உணவு ஆக்குகின்றன, இவை உற்பத்தியாளர்கள். இவற்றைத் தின்பவையும், தின்பவற்றைத் தின்பவையும் நுகர்வோர். செத்ததையும் கழிவையும் சிதைத்து மீண்டும் உப்புகளாக்குபவை பாக்டீரியாவும் பூஞ்சைகளும். எங்கள் குளத்தில் கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் பாசிகள் உற்பத்தியாளர்கள். அவற்றை நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிர் தின்கிறது. அதைக் கட்லா தின்கிறது. சிறு மீன்களை விரால் தின்கிறது. அடியில் கிடக்கும் கருஞ்சேறு முழுதும் சிதைப்பவற்றின் பட்டறை.

ஆற்றல் கணக்கு

இக்கணக்கை ஓர் ஏரிக்கு முதன்முதலில் முறையாகப் போட்டுப் பார்த்தவர் ரேமண்ட் லின்டெமன் என்னும் அமெரிக்க இளைஞர். மின்னெசோட்டா மாநிலத்திலுள்ள செடார் பாக் என்ற சிறிய ஏரியை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரையை, மதிப்பிட்டவர்கள் முதலில் ஏற்கவில்லை. பின்னர் 1942 இல் அது வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. வயது 26 தான்.

ஹோவர்ட் ஓடம் என்பவர் ஃபிளாரிடாவிலுள்ள சில்வர் ஸ்பிரிங்ஸ் என்னும் நீரூற்றை ஆராய்ந்து 1957 இல் வெளியிட்ட எண்களைப் பாருங்கள். ஓராண்டில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய ஆற்றல் 17,00,000 கிலோ கலோரி. தாவரங்கள் உணவாக்கியது 20,810. அதாவது நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். அவற்றைத் தின்னும் உயிர்களுக்குப் போய்ச் சேர்ந்தது 3,368. அவற்றைத் தின்பவைக்கு 383. உச்சியில் இருந்த பெரிய மீன்களுக்கு 21 மட்டுமே!

மீதி எங்கே போயிற்று? ஒரு பகுதி தின்னப்படாமலே செத்து, சிதைப்பவைக்கு இரையாகிறது. ஆனால் யார் வாய்க்குப் போனாலும் இறுதியில் மூச்சுவிடுதலில் வெப்பமாக மாறி வெளியேறிவிடுகிறது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி குளத்துக்கும் உண்டு. உப்புகளும் கரியும் சுற்றிச் சுற்றி வரும். ஆற்றல் ஒருவழியாக வந்து ஒருவழியாகப் போய்விடும். சந்தையில் விரால் விலை ஏன் ஏறிக் கிடக்கிறது என்பதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. அது நாலாவது படியில் இருக்கும் மீன். படிக்குப் படி பத்தில் ஒரு பங்குதான் தேறும் என்றால், நாலாம் படிக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

குத்தகைதாரர்களுக்கு இவ்வெண்கள் தெரியாவிட்டாலும் இதன் சாரம் தெரியும். மேல்படியில் மீன் பெருக வேண்டுமானால் கீழ்ப்படியில் பாசி பெருக வேண்டும். ஆகவே குளத்தில் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் போடுகிறார்கள். மீன் வளர்ப்பில் இது தவறான முறை அன்று, ஒப்புக்கொள்ளப்பட்ட முறையே. அளவுதான் கேள்வி.

இரவுக் கணக்கு

இனி ஆக்சிஜனுக்கு வருவோம். நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ளது. 30 டிகிரி சென்டிகிரேட் வெப்பநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரில், காற்றிலிருந்து கரைந்து நிற்கக்கூடியது 7½ மில்லிகிராம்தான். முப்பத்தைந்தில் ஒரு பங்கு! மீன் வாழ்வது அத்தனை வறுமையில். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கரையும். உறையும் நிலையில் 14½ மில்லிகிராம் வரை. கோடையில் நிலைமை நேர்மாறு: நீர் சூடேற ஏற ஆக்சிஜன் குறைகிறது, அதே சூட்டில் மீனும் பாக்டீரியாவும் மூச்சுவிடும் வேகம் கூடுகிறது. வருமானம் குறையும் மாதத்தில்தான் செலவு அதிகம்.

காற்றிலிருந்து ஆக்சிஜன் புகுந்துகொண்டே இருக்காதா என்று கேட்பீர்கள். புகும், ஆனால் எவ்வளவு மெதுவாக! வாயுக்கள் காற்றில் விரவுவதைவிட நீரில் விரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. முற்றிலும் அசையாத நீரில், விரவலை மட்டும் நம்பி ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு மேலிருந்து ஒரு மீட்டர் ஆழம் இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்று என் மாணவர்களிடம் கேட்பது வழக்கம். பத்து நிமிஷம் என்பான் ஒருவன், ஒரு நாள் என்பான் இன்னொருவன். கணக்குப் போட்டால் எட்டு ஆண்டு வருகிறது. குளங்கள் உயிரோடிருப்பது காற்று அடித்து அலை எழும்பி நீரைக் கலக்குவதாலும், பாசிகள் நீருக்குள்ளேயே ஆக்சிஜனை விடுவதாலும்தான்.

பாசி ஒளிச்சேர்க்கை செய்வது பகலில் மட்டுமே. மூச்சுவிடுவதோ இருபத்துநாலு மணி நேரமும். பச்சைக் குளத்தில் மாலை நாலு மணிக்கு அளந்தால் ஆக்சிஜன் நிறைவு அளவையும் தாண்டி நிற்கும். சூரியன் மறைந்ததும் வரவு நின்றுவிடும். பாசி, பாக்டீரியா, மீன் மூன்றும் இரவெல்லாம் செலவழிக்கும். இதில் மீனின் பங்கு சிறிது. பாசியும் பாக்டீரியாவும் எடுப்பதே பெரும்பங்கு. இருப்பு மிகக் குறைவது எப்போது? சூரியன் உதிப்பதற்குச் சற்று முன். காவல்காரர் சொன்ன நாலு மணி நினைவுக்கு வருகிறதா?

பாசி அளவோடு இருக்கும் குளத்தில் இரவுச் செலவும் அளவோடு இருக்கும். காலையில் கையிருப்பு மிஞ்சும். பாசி மிகுந்துவிட்டால், பகலில் வரவு அதற்கேற்பக் கூடுவதில்லை. மேலே உள்ள பாசி ஒளியை மறைத்துக்கொள்ள, ஒரு முழத்துக்குக் கீழே இருட்டு. அங்கே உள்ள பாசிக்குப் பகலும் இரவுதான். பகலில் மேலே உண்டாகும் மிகை ஆக்சிஜனும் நீரில் தங்காமல் காற்றுக்குத் தப்பிவிடுகிறது. கொடுப்பவர்கள் சிலர், தின்பவர்கள் எல்லாரும்! குத்தகைதாரர் கேள்விக்கு விடை இதுதான். பச்சை ஆக்சிஜன் கொடுக்கும் என்று நாங்கள் பள்ளியில் சொல்வது பொய்யன்று, பாதி உண்மை. வகுப்பில் மறுபாதியையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றிரவு வேறு இரண்டு காரணங்களும் சேர்ந்துகொண்டன. முதல் நாள் பகல் முழுதும் மூட்டம். ஆகவே வரவே குறைவு. நள்ளிரவில் கோடைமழை ஒன்று பெய்தது. ஊரார் மகிழ்ந்த மழை அது. குளத்தில் அதன் வேலை வேறு. கோடையில் மேல்நீர் சூடாகி அடர்த்தி குறைந்து மேலேயே நிற்கும், அடிநீர் குளிர்ந்து கீழேயே கிடக்கும், இரண்டும் கலப்பதில்லை. அடியில் ஆக்சிஜன் அறவே இருக்காது. சேற்றில் அழுகல் வாயுக்கள் தேங்கியிருக்கும். குளிர்ந்த மழைநீர் அடர்த்தி மிகுந்ததாதலால் கீழே இறங்குகிறது, அடிநீரை மேலே கிளப்புகிறது. அந்த வாயுக்கள் மிச்சமிருந்த ஆக்சிஜனையும் பறித்துக்கொள்கின்றன. அன்று காலை குளத்தங்கரையில் அழுகிய முட்டை நாற்றம் வீசியதைச் செத்த மீனின் நாற்றம் என்றே நான் நினைத்திருந்தேன். செத்து மூன்று மணி நேரம் ஆன மீன் அப்படி நாறாது என்று நண்பர் திருத்தினார்.

குற்றவாளி யார்?

தோட்டக்காரர் தப்பினார். அப்படியானால் பாசி ஏன் அளவுக்கு மீறிப் பெருகியது?

கனடாவில், ஒன்டாரியோ மாநிலத்துக் காட்டுப் பகுதியில், 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரி உண்டு. உடுக்கைபோல் இடை சிறுத்த வடிவம். டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் 1973 இல் அந்த இடையில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒருபுறம் கார்பன், நைட்ரஜன் சத்துகளை மட்டும் சேர்த்தார்கள். மறுபுறம் இவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். முதல் பாதி தெளிவாகவே இருந்தது. பாஸ்பரஸ் சேர்ந்த பாதி பச்சைக் குழம்பாயிற்று. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. கார்பனைக் காற்றிலிருந்து பெறலாம். நைட்ரஜனையும் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை. அது நீரோடு வந்து சேர்ந்தால்தான் உண்டு.

ஒரு சிறு கணக்கு. மிதக்கும் பாசிகளில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சராசரி 106 கார்பன் அணுக்கள் இருப்பதாக ரெட்ஃபீல்ட் என்ற அறிஞர் கண்டார். அதன்படி ஒரு கிராம் பாஸ்பரஸைக்கொண்டு 41 கிராம் கார்பன் அடங்கிய பாசி உண்டாகலாம். அது முழுதும் செத்துச் சிதைய 140 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நமது கோடை நீரில் லிட்டருக்கு 7½ மில்லிகிராம் வீதம் பார்த்தால், 18,000 லிட்டருக்கு மேற்பட்ட நீரிலுள்ள ஆக்சிஜன் அனைத்தும் அதில் தீர்ந்துபோகும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி என்றால் ஒன்றரை லாரித் தண்ணீர். சிதைந்தபின் அதே பாஸ்பரஸ் விடுபட்டு மறுபடி பாசியாகும்.

ஒரு மனிதனின் ஒரு நாள் மலசலத்தில் உள்ள பாஸ்பரஸ் ஏறத்தாழ ஒரு கிராம்.

எங்கள் குளத்தின் வடமேற்கு மூலையில் ஊர்ச்சாக்கடை வந்து விழுகிறது. சோப்புத் தூளில் பாஸ்பேட் இருந்தால் அதுவும் அதில் வரும். தோட்டத்து உரம் மழையில் கரைந்து வருகிறது. இவற்றுக்கு மேல் குத்தகைதாரர் தம் கையால் போட்ட சூப்பர் பாஸ்பேட். வெப்பஇயக்கவியல் வகுப்பில் நாங்கள் முதலில் சொல்லித்தருவது, கணக்கைத் தொடங்குமுன் அமைப்பின் எல்லையை வரைந்துகொள் என்பது. குளத்தின் எல்லை கரையோடு முடிகிறது என்று வரைந்தவர்களுக்கு, கரையில் நின்ற ஆள்தான் கண்ணில் பட்டார். உண்மையான எல்லை ஊரின் ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறை வரையிலும் போகிறது. என் வீடும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

குளம் மீளுமா?

அமெரிக்காவில் சியாட்டில் நகரையொட்டிய வாஷிங்டன் ஏரி இப்படித்தான் கெட்டது. கழிவுநீர் ஏரியில் விழாமல் திருப்பும் வேலை 1963 இல் தொடங்கி 1968 இல் முடிந்தது. ஏரியின் தெளிவை அளக்க ஓர் எளிய கருவி உண்டு. 1865 இல் ஆஞ்செலோ செக்கி என்னும் இத்தாலிய வானியலார், ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தார். இன்றுவரை ஏரிகளில் அதே முறைதான். 1960களின் தொடக்கத்தில் வாஷிங்டன் ஏரியில் ஒரு மீட்டர் அளவிலேயே மறைந்த தட்டு, 1970களின் தொடக்கத்தில் மூன்று மீட்டர் வரை தெரிந்தது. 1976 முதல் நீர்த்தெள்ளுகள் பெருகிப் பாசியைத் தின்றதால் நீர் இன்னும் தெளிந்தது.

அது ஆழமான ஏரி. நம்முடைய ஆழமற்ற குளங்கள் அவ்வளவு விரைவில் தேறா. சாக்கடையை நிறுத்தினாலும் அடிச்சேற்றில் சேர்ந்த பாஸ்பரஸ் பல ஆண்டுகள் கசிந்துகொண்டிருக்கும். முன்னெல்லாம் கோடையில் குளம் வற்றியதும் வண்டல் மண்ணை வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். சில ஊர்களில் கரம்பை என்பார்கள். வயலுக்கு உரம் என்றே அதைச் செய்தார்கள். குளத்திலிருந்து பாஸ்பரஸை வெளியேற்ற அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஊர்க் குளத்தை நீங்களே சோதிக்கலாம். ஒரு சாண் அகலமுள்ள எவர்சில்வர் தட்டின் அடிப்புறத்துக்கு வெள்ளை வர்ணம் பூசி, நடுவில் துளையிட்டு, கீழே கல்லும் மேலே முடிச்சிட்ட கயிறும் கட்டுங்கள். உச்சிவேளையில் படித்துறையின் நிழல் விழும் பக்கத்திலிருந்து இறக்கி, தட்டு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீன் வளர்க்கும் குளத்தில் அது 30 முதல் 45 சென்டிமீட்டர் இருப்பது நல்லது. 20 சென்டிமீட்டருக்குள் மறைந்தால், மூட்டமான நாளின் இரவில் ஆபத்து நேரலாம். அப்போது உரம் போடுவதை நிறுத்திவிட வேண்டும். விடியுமுன் எஞ்சினைப் போட்டுக் குளத்து நீரையே இறைத்துக் குளத்திலேயே சிதறவிட்டால் மீன் பிழைக்கும். எங்கள் குத்தகைதாரர் இப்போது அப்படித்தான் செய்கிறார். சூப்பர் பாஸ்பேட்டை விட்டுவிட்டார். தோட்டக்காரரிடம் அவர் இன்னும் பேசுவதில்லை.

சாக்கடை அதே மூலையில்தான் விழுகிறது. சென்ற கோடையில் என் மாணவர்கள் தட்டை இறக்கிப் பார்த்தபோது 17 சென்டிமீட்டரில் மறைந்தது.